‘ங்க’ இல்லாத பேச்சு

அது ஐப்பசியா, கார்த்திகையா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. நொய்யல் ஆற்றில் அன்றைக்குத் தண்ணீர் ஓடியதா, நான்தான் ஓடவிட்டுச் சொல்கிறேனா என்பதும் சந்தேகம். பேசிய பேச்சு மட்டும் பிசகாமல் நிற்கிறது.

சசிதரைக் கொடுமணலுக்குக் கூட்டிப்போனவள் அவன் மனைவி லோகப்பிரியா. அவள் பிறந்த ஊர். ஒருகாலத்தில் இங்கே தேய்த்த கல்மணிகள் கடல் தாண்டிப் போயினவாம். இப்போது மத்தியானத்தில் ஒரு ஆடு கத்தினால் ஆற்றங்கரை வரைக்கும் கேட்கும்.

சோளக்காட்டோரம் சுரேந்தர் நின்றிருந்தான். அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். காடும் அவனுடையதுதான்.

“ஏன் புள்ள, கோயமுத்தூர் போயி நல்லா ஊதிப்போட்டியே!”

“போடா கருவாயா. மொதல்ல உன்ற தொப்பையப் பாரு.”

சசிதரும் சிரித்தான். சிரிப்பு வாயோடு நின்றது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனிடம் ‘ங்க’ போடாமல் ஒரு சொல் பேசியதில்லை. சண்டையிலும் “போங்க”தான். அதை நண்பர்களிடம் சொல்லிப் பெருமையடித்திருக்கிறான். அந்த ‘டா’வைச் சொன்னபோது அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை அவன் தன் வீட்டில் ஒருநாளும் பார்த்ததில்லை.

மழை கழுவிய மண்ணிலிருந்து சுரேந்தர் ஒரு சிவப்புக் கல்மணியைப் பொறுக்கினான்.

“இந்தா புள்ள.”

அவள் கையை நீட்டினாள்.

“ஏனுங்க,” என்றான் சசிதர். “என்ற சம்சாரத்த வா போன்னு பேசாதீங்க. கொஞ்சம் மரியாதையாப் பேசுங்க.”

லோகப்பிரியா நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

“தப்புத்தானுங்க மாப்ள.” சுரேந்தர் மணியைச் சசிதர் கையில் கொடுத்தான். பிறகு அவள் பக்கம் திரும்பி, “வெயில் ஏறுதுங்க. ஊட்டுக்கு வந்து மோர் குடிச்சுப்போட்டுப் போங்க,” என்றான்.

யாரோ தெரியாதவரைப் பார்ப்பதுபோல் லோகப்பிரியா அவனைப் பார்த்தாள்.

“இல்லைங்க. இன்னொரு நாளைக்கு வாரமுங்க.”

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் சசிதருக்கு வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. ஊத்துக்குளி தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டினான்.

“என்னையும் ஒருக்கா வாடான்னு கூப்புடு அம்மணி.”

அவள் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதெல்லாம் கேட்டு வாங்கறதுங்களா?”

இப்போது சுரேந்தர் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பெருந்துறையில் வேலைக்குப் போகிறான். கல்யாணம் காட்சியில் பார்த்தால் அவளையும் “வாங்க” என்கிறான். லோகப்பிரியா அதற்குப் பிறகு கொடுமணலுக்குப் போகவில்லை. சசிதர் அவளோடு கோவையில்தான் இருக்கிறான். இன்றுவரை அவள் அவனுக்கு ஒரு ‘ங்க’வைக்கூடக் குறைத்ததில்லை.