இரண்டாம் பக்கத்தில் ட்ரெவர்

ஏழு கல்லூரிகள் டெசா ஹட்சலை வேண்டாம் என்றன. ஆறு கல்லூரிகள் மிகுந்த வருத்தத்தோடு மின்னஞ்சல் அனுப்பின. ஏழாவது கல்லூரிக்கு வருத்தப்படக்கூட நேரமில்லை போலிருக்கிறது, பதிலே வரவில்லை.

நான் டாக்டர் ஹார்லன் விட்கம்பின் பல் மருத்துவமனையில் முன்மேசையில் உட்காருகிறவள். பெயர் டார்லா. பத்தொன்பது வருடம் ஆகிறது. ஒஹாயோவில் எங்கள் ஊருக்கு இது ஒன்றுதான் சொல்லிக்கொள்ளும்படியான பல் மருத்துவமனை. பல் வலி என்று வருகிறவர்கள் முதலில் காத்திருக்கும் அறைச் சுவரில் மாட்டிய படங்களைப் பார்த்தாக வேண்டும். டாக்டர் கேடயம் வாங்குவது, டாக்டர் ரிப்பன் வெட்டுவது, டாக்டர் ஒரு செனட்டரோடு கை குலுக்குவது. அந்தப் படத்தில் செனட்டரின் முகம் பாதிதான் விழுந்திருக்கிறது. டாக்டருடையது முழுதாக இருக்கிறது.

டெசாவுக்கு இருபத்து நான்கு வயது. ஐந்தடி உயரம். பல் மருத்துவம் படிக்க விண்ணப்பிக்கிறவர்கள் முதலில் ஒரு பல் மருத்துவரின் தோளுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான மணி நேரம் நின்று வேடிக்கை பார்த்திருக்க வேண்டும். அவள் இங்கே முந்நூற்று நாற்பது மணி நேரம் நின்றாள். அந்த நேரத்தில் அவள் வாய்க்குள் பார்த்தது கொஞ்சம். டாக்டரின் கோல்ஃப் கதைகளைக் கேட்டது நிறைய.

நிராகரித்த கல்லூரிகளில் ஒன்று மட்டும், கேட்டுக்கொண்டால், என்ன குறை என்று பத்து நிமிடம் தொலைபேசியில் சொல்லும். ஜனவரியில் ஒரு மதியம் டெசா அதைக் கேட்டு எழுதிய தாளோடு வந்தாள்.

"உயிர்வேதியியல்ல 'சி' வாங்கினது பெரிய அடியாம். ஒரே டாக்டர்கிட்ட மட்டும் நின்னதும் தப்பாம். அப்புறம் கடைசியா, 'உங்க பரிந்துரைக் கடிதங்களையும் ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க'ன்னு சொன்னாங்க. யோசிக்கிறதுன்னா என்னன்னு கேட்டேன். அதுக்கு மேல சொல்ல முடியாதாம்."

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார். "கடிதமா? என் கடிதத்தை அவங்க சொல்லியிருக்க மாட்டாங்க. அது அந்த வேதியியல் வாத்தியாரோடதா இருக்கும். அந்தாளுக்கு ரெண்டு வரி எழுத வராது."

டெசா தலையாட்டினாள். கடிதத்தில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உரிமையை விட்டுக்கொடுத்து, விண்ணப்பத்திலேயே கையெழுத்துப் போட்டிருந்தாள். எல்லோரும் போடுவார்கள். போடாதவன் எதற்கோ பயப்படுகிறான் என்று கல்லூரி நினைத்துக்கொள்ளுமாம்.

அதன்பிறகு அவள் தன்னைச் சீர்திருத்திக்கொண்ட வேகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. சமூகக் கல்லூரியில் மாலை வகுப்பில் உயிர்வேதியியலை மறுபடி படித்தாள். சனிக்கிழமைகளில் தேவாலயத்தின் அடித்தளத்தில் நடக்கும் இலவசப் பல் மருத்துவ முகாமுக்குப் போனாள். கைத்திறனுக்காகச் சோப்புக் கட்டிகளைக் கடைவாய்ப் பல்லாகச் செதுக்கினாள். என் மேசையில் நான்கு சோப்புப் பற்கள் கிடந்தன. அவற்றில் ஒன்றால் கை கழுவிவிட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நுழைவுத் தேர்வில் கோணங்களைக் கண்ணாலேயே அளந்து வரிசைப்படுத்தும் பகுதி ஒன்று உண்டு. அதற்காகப் பார்த்ததையெல்லாம் அளந்தாள்.

"டார்லா, உங்க நாற்காலி அஞ்சு டிகிரி பின்னாடி சாயுது."

"நாற்காலி நேராத்தான்டி இருக்கு. சாயறது நான்."

ஏப்ரலில் உயிர்வேதியியலில் 'ஏ' வந்தது. அந்த வாரமே டாக்டர் என் மேசையில் தட்டினார். "டெசாவுக்குப் போன வருஷம் அனுப்பின கடிதம் இருக்குல்ல? தேதியை மாத்தி மறுபடி அனுப்பிடு."

கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தேன். முதல் பக்கம் முழுக்க டாக்டர். அவர் எந்த ஆண்டு பட்டம் பெற்றார், எத்தனை கேடயம், எத்தனை இளைஞர்களுக்கு வழிகாட்டினார். கடைசிப் பத்தியில் 'டெசா ஹட்சல் நேரம் தவறாதவர்' என்று ஒரு வரி. புரட்டினேன்.

இரண்டாம் பக்கத்தில் ட்ரெவர் இருந்தான்.

'ட்ரெவர் தன் கால்பந்து அணியின் தலைவராகக் காட்டிய துணிவை நான் பல் மருத்துவ நாற்காலியின் அருகிலும் கண்டேன்.' அதற்குக் கீழே ட்ரெவரின் தோள் வலிமை பற்றி நான்கு வரி. மூன்று வருடத்துக்கு முன் இங்கே வந்து நின்ற பையன் அவன். அவனுக்கு எழுதிய கடிதத்தில் பெயரை மட்டும் மாற்று என்று டாக்டர் போன வருடம் சொன்னார். ஒரு காப்பீட்டு நிறுவனக்காரன் தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தபோது நான் மாற்றினேன். முதல் பக்கத்தில் மாற்றினேன்.

பத்தொன்பது வருடமாக நான் இந்த மனிதரின் ஆடம்பரத்தைப் பார்த்து மனதுக்குள் சிரித்துக்கொண்டிருக்கிறவள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

பெயரை இப்போது திருத்தி அனுப்பிவிடலாம்தான். ஆனால் மறுபடி விண்ணப்பிக்கிறவர்களின் பழைய கோப்பைக் கல்லூரிக்காரர்கள் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். போன வருடம் ட்ரெவருக்கு இருந்த தோள் இந்த வருடம் டெசாவுக்கு முளைத்திருந்தால் யாருக்கும் விளங்கிவிடும். புதுக் கடிதம்தான் வழி. ஆகவே நானே ஒன்றை எழுதினேன். அழுது அடம்பிடித்த ஒரு கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டு டெசா நாற்பது நிமிடம் நின்றது, உடைந்த பல்லின் நிழலை ஊடுகதிர்ப் படத்தில் டாக்டருக்கு முன்பே அவள் பார்த்தது, எல்லாம் நடந்தவை. ட்ரெவர் விஷயத்தைச் சொல்லாமல் டாக்டரிடம் கையெழுத்துக்கு நீட்டினேன்.

படித்தார். புருவம் ஏறியது.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

"கீழ கையெழுத்துப் போடற இடத்துல, டாக்டர்."

"டார்லா, கல்லூரிக்காரங்க இவளைப் பத்தியா தெரிஞ்சுக்க விரும்பறாங்க? யார் சிபாரிசு பண்றாங்கன்னுதான் பாப்பாங்க. அந்தப் பழசையே அனுப்பு. அதுல ஒரு கம்பீரம் இருக்கு."

அன்று மாலை, கருவிகளைச் சுத்தம் செய்யும் அறையில் டெசாவைப் பிடித்தேன். கதவைச் சாத்தினேன்.

"அவர் பேரை உன் விண்ணப்பத்துலேருந்து எடுத்துடு."

"ஏன், மோசமா எழுதியிருக்காரா?"

"மோசமா ஒண்ணும் இல்ல. உன்னைப் பத்தியே இல்ல. பாதி அவரைப் பத்தி. மீதி வேற ஒரு பையனைப் பத்தி. பேரை நான்தான் மாத்தியிருக்கணும். ரெண்டாம் பக்கத்துல மாத்தல."

அவள் கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"ஏழு கல்லூரிக்கும் அதுவா போச்சு?"

"ஆமா."

"நான் இத்தனை மாசமா எனக்குக் கை சரியில்லன்னு நெனச்சுட்டிருந்தேன், டார்லா. எங்கப்பா கிட்ட, எனக்கு மூளை பத்தாதுப்பான்னு சொன்னேன்."

மன்னித்துக்கொள் என்றேன். அவள் மன்னிக்கவில்லை. திட்டவும் இல்லை. தட்டிலிருந்த கருவிகளை அளவு வாரியாக அடுக்கிவிட்டு மேல்கோட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை முகாமில் டாக்டர் ரெனாட்டா ப்ளம்மிடம் கேட்டிருக்கிறாள். அந்த அம்மாள் வாரம் முழுக்கச் சிறையில் கைதிகளுக்குப் பல் பிடுங்கிவிட்டு, சனிக்கிழமை இங்கே பிடுங்குகிறவர். அவருக்குச் சுவரே கிடையாது, படம் மாட்ட. உறுதியாக ஒரு கடிதம் எழுதித் தர முடியுமா என்று இவள் கேட்க, அவர் சொன்ன பதிலைத் திங்கட்கிழமை என்னிடம் அப்படியே சொன்னாள்.

"'நீ வந்து பதினோரு சனிக்கிழமைதான் ஆகுது. இப்ப எழுதினா பொய்தான் எழுதணும். ஆகஸ்ட்ல கேளு. நல்லா எழுத முடியலன்னா அன்னிக்கே முகத்துக்கு நேரா சொல்லிடறேன்'னாங்க."

"விண்ணப்பம் ஜூன்லயே திறந்துடுமே."

"முதல்ல போடறவங்களுக்குத்தான் முதல்ல அழைப்பு. ஆகஸ்ட் கடைசியில போட்டா பாதி இடம் போயிருக்கும். பரவாயில்ல. நம்ம டாக்டர் கிட்ட நான் சொல்லணும்."

"சொல்லாத. பழைய கடிதத்தை அனுப்பிட்டேன்னு நான் சொல்லிக்கறேன். அவருக்கு எப்பத் தெரியப் போகுது?"

"வேண்டாம். உங்களை வெச்சு இன்னொரு பொய்யா?"

அவள் டாக்டரின் அறைக்குள் போனாள். கதவு திறந்தே இருந்தது.

"டாக்டர், இந்தத் தடவை உங்க கடிதம் வேண்டாம். வேற ஒருத்தர்கிட்ட கேட்டிருக்கேன்."

"யாரு?"

"டாக்டர் ப்ளம்."

"அந்த ஜெயில் டாக்டரா?" ஒரு சிரிப்பு. பிறகு சிரிப்பு நின்றது. "என் கடிதத்துல என்ன இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்? பாக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டவதானே நீ?"

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட நான் கொஞ்சம் தயங்கியிருப்பேன். பார்க்காததால் எழுந்து போக வேண்டியதாயிற்று.

"நான்தான் சொன்னேன், டாக்டர். ரெண்டாம் பக்கத்துல ட்ரெவர் பேரை நான் மாத்தாம விட்டுட்டேன். நீங்களும் படிக்காம கையெழுத்துப் போட்டுட்டீங்க."

அவர் முகம் சிவந்தது. தவறு நடந்ததற்காக அல்ல. "அப்ப என் கடிதமெல்லாம் ஒரே அச்சுன்னு அந்தக் கல்லூரிகள்ல எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சா?" என்றார். ஏழு இடங்களில் தன் பெயர் என்ன ஆயிற்று என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். அந்த எண்ணிக்கையில் டெசா எங்கும் வரவில்லை. முடித்ததும், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவளிடம் சொன்னார். அவள் நின்ற மணி நேரத்தைக் குறித்த தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். யாராவது விசாரித்தால் அப்படி ஒருத்தி இங்கே வந்ததில்லை என்று சொல்லும்படி எனக்கு உத்தரவிட்டார்.

என்னையும் அனுப்பிவிட அவருக்கு ஆசைதான். ஆனால் காப்பீட்டுக்காரர்களோடு மல்லுக்கட்ட இந்தக் கட்டடத்தில் என்னைத் தவிர ஆளில்லை.

ஆகஸ்ட் கடைசியில் டெசா வீட்டிலிருந்து கூப்பிட்டாள். டாக்டர் ப்ளம் சரி என்று சொல்லிவிட்டாராம். கடிதமும் போய்விட்டது. அரைப் பக்கம் இருக்கும் என்று மட்டும் சொன்னாராம்.

"அந்த முந்நூத்து நாப்பது மணி நேரத்தை என்ன பண்ணின?" என்று கேட்டேன்.

"போட்டிருக்கேன். நின்னது நெசந்தானே. விண்ணப்பத்துல கையெழுத்து கேக்கல, விசாரிக்க ஒரு தொலைபேசி எண்தான் கேக்குது. உங்க மேசையில இருக்கற ஆஸ்பத்திரி நம்பரைத்தான் குடுத்திருக்கேன், டார்லா."

"எப்பக் கூப்பிடுவாங்க?"

"கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்க. கூப்பிடாமலும் விட்ருவாங்க. எப்பன்னு தெரியாது."

வைத்துவிட்டாள். இப்போதும் அவள் குரலில் பழைய ஒட்டுதல் இல்லை. அதற்கு நான் ஆசைப்படவும் முடியாது.

செப்டம்பரிலிருந்து மதியச் சாப்பாட்டை மேசையிலேயே சாப்பிடுகிறேன். காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை மணி அடித்தால் இரண்டாவது அடிக்கு முன் எடுத்துவிடுகிறேன். பெரும்பாலும் பல் வலிக்காரர்கள். நேற்று டாக்டர் தன் அறையிலிருந்து வெளியே வந்து, தண்ணீர் குடிப்பதுபோல என் தொலைபேசிக்கு அருகில் நின்றார். மணி அடித்தது. இருவரும் அதைப் பார்த்தோம். என் கை முதலில் போனது.