பச்சைப் பொட்டலமும் பன்னிரண்டு கம்பிகளும்

மனித அறிவு மூடநம்பிக்கையை இறுதியாக வென்றது ஒரு புதன்கிழமை மதியம், சிஞ்சூ நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் நான்காவது மாடியில். வென்றவன் முனைவர் பட்ட மாணவன் லாய் ஷாவ்சி. வெற்றியின்போது அவன் வாய் நிறையத் தேங்காய்ச் சுவைச் சோளப்பொரி இருந்தது.

பொரி வந்த வழியைச் சொல்லிவிட வேண்டும். அந்த மாடியில் எல்லா இயந்திரங்களின் தலையிலும் ஒரு பச்சைப் பொரிப் பொட்டலம் உட்கார்ந்திருக்கும். பொட்டலத்தின் பெயருக்கே 'சமர்த்தாக இரு' என்றுதான் பொருள். அது இருந்தால் இயந்திரம் படுத்தாது. உறை பச்சையாக இருக்க வேண்டும், தேதி தாண்டியிருக்கக் கூடாது, யாரும் பிரிக்கக் கூடாது. போன வருடம் தெரியாமல் மஞ்சள் உறையை வைத்தவனை மூன்று மாதம் ஒருவரும் டீ குடிக்கக் கூப்பிடவில்லை. இதையெல்லாம் கடைப்பிடித்தவர்கள் இயற்பியலில் பட்டம் பெற்றவர்கள்.

"இவ்ளோ பெரிய மெஷின் ஒரு பாக்கெட் பொரிக்கு மயங்கிடுமாக்கா?" என்றான் ஷாவ்சி.

"நீயே ஒரு கப் டீக்கு மயங்கி எனக்கு ஸ்லைடெல்லாம் போட்டுக் குடுக்கற. அது மயங்காதா?" என்றாள் யன் பெய்ரு. அவனுக்கு மூன்று வருடம் மூத்த மாணவி. "சாப்பாடு வாங்கிட்டு வரேன். பொட்டலத்துல கை வைக்காத. மெஷினத் தொடவே தொடாத."

இயந்திரத்தின் மேசையில் அவளுடைய சிலிக்கான் சில்லு இருந்தது. அதில் பன்னிரண்டு வெள்ளிக் கம்பிகள், ஒவ்வொன்றும் தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கம்பி உலோகத் தளத்தைத் தொடும் இடத்தில் மின்சாரம் எவ்வளவு திணறுகிறது என்பதுதான் அவள் ஆய்வு. நான்கு மாதம் செய்த சில்லு. மூன்று வாரத்தில் அவள் தேர்வுக் குழுவின் முன் நிற்க வேண்டும்.

அவள் படியிறங்கியதும் ஷாவ்சி பொட்டலத்தைப் பிரித்தான். அறைக்குள் தின்னக் கூடாது என்ற பலகைக்கு எதிரிலேயே நின்று தின்றான். பொரி போன பிறகும் இயந்திரம் ஓடும் என்று நிரூபித்துவிட்டால் விஷயம் முடிந்தது. குனிந்து, சில்லைத் தொட்டிருந்த அளவெடுக்கும் ஊசியின் பிடியைத் திருகக் கை நீட்டினான்.

வெளியே சிஞ்சூவின் குளிர்காற்று. அவன் உடம்பில் கம்பளிச் சட்டை. அறையிலோ ஈரத்தை உறிஞ்சி எடுத்த காற்று. உடம்பில் சேரும் நிலைமின்சாரத்தைத் தரைக்கு இறக்க மணிக்கட்டில் மாட்ட வேண்டிய எர்த் பட்டை கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.

டிக்.

மிகச் சின்னச் சத்தம். நகம் கடிப்பதுபோல. திரையில் மின்னோட்டம் பூஜ்யம். பன்னிரண்டு கம்பிகளும் ஒரே பொதுத் தளத்தில் சேர்வதால் ஒரே பொறியில் பன்னிரண்டும் போயின.

ஷாவ்சி யோசித்தான் என்று சொல்ல முடியாது. காலி உறைக்குள் டிஷ்யூ காகிதத்தை உருட்டித் திணித்தான், வாயை மடித்தான், முகப்பு முன்னால் தெரியும்படி பழைய இடத்தில் வைத்தான்.

பெய்ரு வந்தாள், அளந்தாள், மறுபடி அளந்தாள். வாங்கி வந்த சோறு பிரிக்கப்படாமலே ஆறிப்போனது. மாலை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். கம்பிகள் உருகி மணிமணியாகச் சிதறியிருந்தன. ஓரத்தில் அச்சில் வார்த்ததுபோல் சின்னச் சின்னக் கனசதுரங்கள்.

"இது என்னடா?"

"தூசுக்கா."

"தூசு இவ்ளோ சதுரமாவா இருக்கும்?"

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. "காலைல சில்ல எடுக்கும்போது பட்டை மாட்டுனேனான்னு ஞாபகமே வரல. நான்தான் கெடுத்திருக்கேன்" என்றாள். இயந்திர நோட்டில் 'இயக்கியவரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கையெழுத்து எப்போதும்போல் அழகாக இருந்தது. அதைத்தான் ஷாவ்சியால் பார்க்க முடியவில்லை.

வியாழக்கிழமை அவள் அவனுக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தாள். அவன் அதைக் குடித்தான். குடிக்காமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று குடித்தான்.

வெள்ளிக்கிழமை குழுக் கூட்டம். பெய்ரு எழுந்து, தேர்வைத் தள்ளி வைக்க வேண்டும், தவறு தன்னுடையது என்றாள். பேராசிரியர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பொட்டலம் இருந்துச்சா?"

"இருந்துச்சு சார். தேதிகூடப் பார்த்தேன், ஆகஸ்ட் வரைக்கும் இருக்கு."

எல்லோரும் வருத்தத்துடன் தலையாட்டினார்கள். அப்படியானால் மனிதத் தவறுதான், வேறு வழியில்லை.

"பொட்டலத்துக்குள்ள டிஷ்யூ பேப்பர்தான் இருந்துச்சு" என்றான் ஷாவ்சி.

அவன் மீதியையும் சொன்னான்: பொரி, கம்பளிச் சட்டை, பட்டை, டிக். சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு நாள் சுமந்தது இவ்வளவு சின்னதாக இருந்தது அவனுக்கே கேவலமாக இருந்தது.

பெய்ரு மேசையைப் பார்த்தபடி கேட்டாள். "அந்தச் சதுரம்… உப்பா?"

"ஆமாக்கா."

"பொரி உப்பு."

"ஆமாக்கா."

திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் நோட்டை எடுத்து, தன் பெயரை ஒரு கோட்டால் அடித்து, பேனாவை அவனிடம் நீட்டினாள். அவ்வளவுதான்.

தேர்வு கோடைக்குத் தள்ளிப்போனது. புதுச் சில்லுக்குப் பதினொரு வாரம் ஆனது. கழுவுவதும் சூடேற்றுவதும் ஷாவ்சியின் வேலை. அந்தப் பதினொரு வாரமும் பெய்ரு அவனிடம் "வெப்பம் எவ்ளோ?", "மூடு", "அடுத்தது" என்பதைத் தாண்டிப் பேசவில்லை. அவனும் எதற்கும் நையாண்டி செய்யவில்லை. மாடியே கொஞ்சம் மந்தமாகிவிட்டதாக மற்றவர்கள் சொன்னார்கள்.

அளக்கும் நாளன்று அவன் எல்லோருக்கும் முன்னால் வந்தான். கம்பளிச் சட்டையை நடைபாதையிலேயே கழற்றி வைத்தான். எர்த் பட்டையை மாட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்தான். இதுவரை எல்லாம் அறிவியல்.

பிறகு கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, பையிலிருந்து மூன்று பச்சைப் பொட்டலங்களை எடுத்தான். மூன்றின் தேதியையும் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான். காலாவதியாக அதிக நாள் இருப்பதைத் தேர்ந்து, இரண்டு கையாலும் ஏந்தி, இயந்திரத்தின் மேல் வைத்தான். கொஞ்சம் கோணலாக இருந்தது. நேராக்கினான்.