ஹார்லனின் அறுபத்து மூன்றாவது சாவு

ஹார்லன் டிட்மோர் படங்களில் அறுபத்திரண்டு முறை செத்திருந்தார். துப்பாக்கிக் குண்டு பட்டு, குதிரை மிதித்து, வெள்ளம் அடித்துக்கொண்டு போய், ஒருதரம் விஷம் வைத்த ஜாமைத் தின்றுகூட. கதாநாயகனுக்குக் கோபம் வரவேண்டுமானால் நல்லவன் ஒருவன் சாகவேண்டும் அல்லவா? அந்த நல்லவன் இவர்தான். ஹாலிவுட் பக்கம் பெயரைச் சொன்னால் ஒருத்தருக்கும் தெரியாது. முகத்தைப் பார்த்தால் மட்டும் எங்கேயோ பழகின மாதிரி இருக்கும். கடைத்தெருவில் பாதிப் பேர் அவரைத் தங்கள் பழைய ஊர் மருந்துக்கடைக்காரர் என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அவரும் சளைக்காமல், "இருமல் இப்ப தேவலையா?" என்று கேட்டுவிட்டு நகர்வார்.

அந்த அறுபத்திரண்டில் முதல் சாவைத் தவிர வேறொன்றைக்கூட அவர் மனைவி வெர்னா பார்த்ததில்லை. எல்லாப் படத்துக்கும் வருவாள். வில்லன் துப்பாக்கியில் கை வைத்தானோ இல்லையோ, எழுந்து வெளியே போய்விடுவாள். பாப்கார்ன் வாங்கி, பாதியைத் தின்று தீர்த்துவிட்டு உள்ளே வந்து, "என்ன, புதைச்சாச்சா?" என்று காதோடு கேட்பாள்.

இத்தனைக்கும் நாடகக் கம்பெனியோடு ஊர் ஊராகச் சுற்றின காலத்தில் அவர் சாவதைத் தினம் பார்த்தவள் அவள்தான். உடை தைப்பது அவள் வேலை. அவருக்கு முதல் காட்சியிலேயே செத்து, திரை விழும்வரை கட்டிலில் பிணமாகக் கிடக்கிற வேடம். மேடை ஓரத்தில் அவள் நிற்கிற பக்கமாக இடது கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, சுண்டுவிரலை மெள்ள இரண்டு தரம் ஆட்டுவார். 'பசிக்குது, ரொட்டி எடுத்து வை' என்று அர்த்தம். அவர்கள் காதலித்த லட்சணம் அவ்வளவுதான். சினிமாவில் அந்த விளையாட்டெல்லாம் நடக்காது. செத்தவன் விரல் ஆடினால் அடுத்த படத்துக்குக் கூப்பிடமாட்டார்கள். "அங்க விரலாவது ஆடும். இங்க நிஜமாவே போன மாதிரி கிடக்கற. என்னால ஆகாதுப்பா" என்று வெர்னா முதல் படத்தோடு சொல்லிவிட்டாள்.

போன குளிர்காலத்தில் பஸ்ஸுக்காக நின்ற இடத்தில் ஹார்லன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே சாய்ந்தார். பிழைத்துவிட்டார். ஆனால் நடைபாதையில் அவர் கிடந்த கோலம் வெர்னாவின் கண்ணை விட்டுப் போகவில்லை. மத்தியானம் சோபாவில் கண்ணயர்ந்தால்கூட வந்து மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பாள். "இருக்கேன்டி, இருக்கேன்" என்பார் கண்ணைத் திறக்காமலே.

ஒருநாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னாள்: "ஒரே ஒரு படத்துல சாகாம இரேன், ஹார்லன். நான் முழுசா உக்காந்து பாக்கணும். கடைசியில நீ நின்னுட்டு இருக்கறதைப் பாத்தாத்தான் எனக்கு இந்தப் பயம் போகும்."

கேட்ட நேரம் நல்ல நேரம்போல. வசந்தத்தில் ஒரு கௌபாய் படம் வந்தது. ரயில் நிலையத்தில் தந்தி அடிக்கிற கிழவர் வேடம். திரைக்கதையின் கடைசிப் பக்கத்தில் ரயில் புறப்படுகிறது, கிழவர் பிளாட்பாரத்தில் நின்று கைக்குட்டையை ஆட்டுகிறார். ஹார்லன் சமையலறைக்கு ஓடிவந்தார். "பாருடி! கடைசிப் பக்கத்துலயும் உசுரோட இருக்கான்!" வெர்னா அந்தப் பக்கத்தை வாங்கி பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்துவிட்டாள்.

படக் கம்பெனிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. படத்தை வெளியிடுமுன் ஏதாவது ஒரு சின்ன ஊரில் சொல்லாமல் கொள்ளாமல் போட்டுக் காட்டி, பார்த்தவர்களிடம் அட்டை கொடுத்துக் கருத்து எழுதி வாங்குவார்கள். அதன்படி இதையும் போட்டுக் காட்டினார்கள். மறுவாரம் டைரக்டர் க்விக் கூப்பிட்டனுப்பினான். முப்பது வயசுப் பையன்; முகம் தொங்கிப்போயிருந்தது.

"உங்களை ஜனங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. பாதி அட்டையில உங்களைப் பத்திதான் எழுதியிருக்காங்க."

ஹார்லனுக்குத் தலைகால் புரியவில்லை. முப்பது வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை அவர் கேட்டதில்லை. "நிஜமாவா தம்பி?"

"ஆமா. அதனாலதான் உங்களைக் கொன்னுடலாம்னு மேல சொல்றாங்க."

என்ன சொல்ல! பிடிக்காதவனைக் கொன்றால் எவன் அழுவான்? ஹார்லனுக்குத் தொழில் தெரியும். அந்தப் பெரிய மனிதர்கள் சொன்னது கணக்காகச் சரி என்றும் தெரியும். ஆனாலும், "என் சம்சாரத்துக்கு வாக்குக் குடுத்துட்டேனே" என்றார். க்விக் மட்டும் என்ன செய்வான், பாவம்.

செவ்வாய்க்கிழமை சுட்டார்கள். தந்தி மேசையிலிருந்து சரிந்து, இடது கை பலகைத் தரையில் நீண்டு கிடக்க, ஹார்லன் அழகாகச் செத்தார். அவர் கண்ணுக்குள் பிரிட்ஜ் கதவுதான் நின்றது. அவருக்கென்று என்ன அதிகாரம் இருந்தது? கதையை மாற்ற முடியுமா, கம்பெனியை மாற்ற முடியுமா? ஒரு விரல் இருந்தது. க்விக் கதாநாயகி அழுவதையே பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில், முப்பது வருஷ ஒழுக்கத்தையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, சுண்டுவிரலை இரண்டு தரம் ஆட்டினார்.

காமிரா வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஆஸ்கர் பழைய சிநேகிதன். பக்கத்தில் வந்து குனிந்தான். "யோவ், செத்தவன் விரல் ஆடுச்சு."

"தெரியும்."

"படத்தை வெட்டி ஒட்டறவன் பாத்தான்னா, அந்த இடத்தை நறுக்கி எறிஞ்சுடுவான்."

"அதுவும் தெரியும். நீ பாத்தியா?"

ஆஸ்கர் கண்ணைக் கசக்கினான். "எனக்குக் கண்ணுல தூசி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

வீட்டில் சொல்லலாம் என்று மூன்று தரம் வாயெடுத்தார். முதல் தரம் வெர்னா தொப்பிக்கு நீல ரிப்பன் தைத்துக்கொண்டிருந்தாள், படத்துக்குப் போட்டுக்கொள்ள. இரண்டாம் தரம் பக்கத்து வீட்டுக்காரியிடம், "இந்தத் தடவை என் வீட்டுக்காரர் சாகலை, தெரியுமா" என்று வேலி வழியாகப் பீற்றிக்கொண்டிருந்தாள். மூன்றாம் தரம் அவருக்கே துணிவு வரவில்லை. அறுபத்து மூன்று சாவுக்கு நெஞ்சைக் காட்டிய மனுஷன்!

சனிக்கிழமை மத்தியானக் காட்சி. கொட்டகை நிறைந்திருந்தது. வெர்னா உட்கார்ந்ததும் இரண்டு ஷூவையும் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளினாள். "இன்னிக்கு நான் எழுந்திருக்கறதா இல்லை. சத்தியம்."

ஹார்லன் மெள்ளக் காலை நீட்டி ஒரு ஷூவின் மேல் வைத்துக்கொண்டார்.

படம் ஓடியது. தந்திக்காரர் வரும்போதெல்லாம் ஜனங்கள் சிரித்தார்கள். வெர்னா அவர் விலாவில் இடித்து இடித்துப் பெருமைப்பட்டாள். பிறகு தந்தி அறைக் கதவு திறந்தது. வில்லன் நின்றான். கை இடுப்புக்குப் போனது.

வெர்னாவின் சிரிப்பு அப்படியே நின்றது. "ஹார்லன்?"

"மாத்திட்டாங்கடி. சொல்ல வாய் வரலை."

அவள் கால்கள் ஷூவைத் தேடின. ஒன்று கிடைத்தது, மாட்டிக்கொண்டாள். இன்னொன்றின் மேல் ஹார்லன் காலை அழுத்தி வைத்திருந்தார். "காலை எடு" என்றாள். "எடுன்னா! எங்கிட்டயே பொய் சொன்னியா, படுபாவி?"

"வெர்னா, போகாத. இந்த ஒரு தடவை. என் மூஞ்சியைப் பாக்காத, இடது கையை மட்டும் பாரு."

அந்த இடம் படத்தில் இருக்கிறதா, நறுக்கிவிட்டார்களா, அவருக்கே தெரியாது. கடவுளே, கடவுளே என்று மனசுக்குள் முனகினார். குண்டு வெடித்தது. திரையில் கிழவர் சரிந்தார். வெர்னா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள், ஆனால் கண்ணை மூடவில்லை. கதாநாயகி ஓடிவந்து அழுதாள். காமிரா அவள் முகத்திலேயே நின்றது. நின்றது, நின்றது. கையைக் காணோம். போச்சு என்று ஹார்லன் தலையைத் தொங்கப் போட்டார்.

அப்போது காமிரா மெள்ளக் கீழே இறங்கியது. பலகைத் தரை, சிதறின தந்தித் தாள்கள், மசி படிந்த சட்டைக் கை, நீண்டு கிடக்கும் விரல்கள். கொட்டகை முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம். செத்துப்போன தந்திக்காரரின் சுண்டுவிரல் ஒருதரம் ஆடியது. இன்னொரு தரம் ஆடியது.

"பசிக்குதாம்!" என்றாள் வெர்னா உரக்க. அவ்வளவு பேர் அழுதுகொண்டிருந்த இடத்தில், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் ஊற்றியது, சிரிப்பு நிற்கவில்லை. முன்வரிசை அம்மாள் ஒருத்தி ஈரக் கைக்குட்டையோடு திரும்பி, "பாவம், ஒரு நல்ல மனுஷன் செத்துக் கிடக்கான். உங்களுக்கு இரக்கமே இல்லையா?" என்று சீறினாள்.

"அவர் எங்க செத்தாரு? இதோ இருக்காரு, பாருங்க" என்று வெர்னா ஹார்லனின் இடது கையை வெடுக்கென்று தூக்கிக் காட்டினாள். இருட்டில் அந்த அம்மாளுக்கு என்ன தெரிந்ததோ, "பைத்தியம்" என்று முணுமுணுத்துத் திரும்பிக்கொண்டாள்.

ஹார்லன் அவள் ஷூவின் மேலிருந்து காலை எடுத்தார். "போலாமா?"

வெர்னா கிடைத்த அந்த ஒரு ஷூவையும் கழற்றி உள்ளே தள்ளிவிட்டாள். அவர் கையை விடாமல் தன் மடியில் வைத்து, சுண்டுவிரலைத் தன் விரல்களுக்குள் மூடிக்கொண்டாள்.

"இரு கிழவா. புதைக்கறதையும் பாத்துட்டுப் போலாம். ரொட்டி வீட்ல எடுத்து வச்சிருக்கேன்."