இரண்டாம் தண்ணீர்

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், மூடிப்போன செங்கல் சூளையைச் சுற்றி முள்புதர் மண்டிக் கிடக்கும். வருஷத்தில் ஆறு வாரம் அதில் கருஞ்சிவப்பாகப் பழம் தொங்கும். யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. முள்பழம் என்பார்கள், அவ்வளவுதான். பஸ் டிப்போ மெக்கானிக் அந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடாமல் வாளியும் கையுமாக அங்கே போனார். "என்னண்ணே, கையெல்லாம் கீறல், வீட்டுல புலி வளர்க்கறீங்களா?" என்று டிரைவர் ஒருவன் கேட்டான். கேலிக்குப் பதில் சொல்கிற நிலைமையில் மனுஷன் இல்லை.

அவர் மனைவிக்கு ரத்த அளவு ஆறு பாயிண்ட்தான். கர்ப்பப்பையில் கட்டி, போகிற ரத்தம் நிற்பதாயில்லை. "பத்து வந்தாதான் ஆபரேஷன்," என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். மாத்திரை கொடுத்தால் வாந்தி. ஊசி போட்டால் உடம்பெல்லாம் தடிப்பு. ஏற்றிய ரத்தம் ஏற்றிய வேகத்தில் இறங்கியது. முள்பழச் சாறு கொடுக்கலாமா என்று மெக்கானிக் கேட்டார். "தாராளமா குடுங்க, சத்துதான். எது உள்ள தங்குதோ அதக் குடுங்க," என்றார் டாக்டரம்மா. அந்த ஒரு வார்த்தையை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

சாறு காய்ச்சுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பழத்தை மூன்று தண்ணீரில் அலசி, பாதி உயரத்துக்கு மட்டும் தண்ணீர் விட்டு, தோல் வெடித்துக் குழையும்வரை வேகவைப்பார். மரக்கரண்டியால் மெதுவாகத்தான் மசிப்பார். கொட்டை உடைந்தால் கசந்துவிடும். பிறகு வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, பிழியாமல், தானாகச் சொட்டவிடுவார். சொட்டியதில் சர்க்கரை போட்டு மறுபடி அடுப்பில் ஏற்றுவார். பதம் பார்க்க நாக்கில் வைக்கவே மாட்டார். தட்டில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்து, அது ஓடுகிற வேகத்தைப் பார்ப்பார். "எஞ்சின் ஆயில் பார்க்கிற புத்தி எங்க போகும்," என்பாள் அவள். கொதிநீரில் போட்டெடுத்த பாட்டில்களில் சூடாக ஊற்றி மூடி, மூடிமேல் மெழுகை உருக்கி விட்டு, ஆறுவதற்குள் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவார். விரல் சுடும், ஆனால் காற்றுப் புகாது.

துணியில் மிஞ்சும் சக்கையையும் அந்த வீட்டில் கொட்ட மாட்டார்கள். மொட்டைமாடியில் காயவைத்து டப்பாவில் போட்டு, வேண்டும்போது ஒரு பிடி எடுத்துச் சர்க்கரை போட்டுக் கொதிக்கவிட்டால் சிவப்பாக ஏதோ இறங்கும். அதற்குப் பெயர் இரண்டாம் தண்ணீர். முதல் சாறு மகளுக்கு, விருந்தாளிக்கு, காய்ச்சலில் கிடக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு. புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் எப்போதும் இரண்டாம் தண்ணீர்தான். "நம்ம தலையில ரெண்டாந்தண்ணின்னுதான் எழுதியிருக்கு," என்று அவள் சிரிப்பாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் முதல் சாற்றை அவர் ஒரு கரண்டிகூட வாயில் விட்டதில்லை. அதில் அவருக்குப் பெருமை வேறு.

அந்த வருஷம் முப்பது பாட்டில் தேறியது. பாட்டிலுக்கு மூன்று நாள் என்றால் மூன்று மாதம் வரும். வெளிச்சம் பட்டால் சத்து போய்விடும், குடிக்கிற வேளை தவிர பெட்டியைத் திறக்கக்கூடாது என்று அவரே சட்டம் போட்டார். தையல் மிஷினுக்குக் கீழே இருந்த மரப்பெட்டியில் அவள்தான் பாட்டில்களை அடுக்கினாள். பள்ளிச் சீருடை தைக்கிறவள், துணித்துண்டுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொன்றையும் குழந்தையைப் போலச் சுற்றி வைத்தாள்.

அடுக்கி முடித்த வாரம் மகள் போன் செய்தாள். கல்யாணமாகி வேறு ஊரில் இருப்பவள். மறுபடியும் உண்டாகியிருப்பதாகச் சொன்னாள். போன தடவை மூன்றாம் மாதமே கலைந்துவிட்டது. உடம்பில் ரத்தம் போதாது என்று அங்கேயும் சொல்லியிருந்தார்கள்.

"பாப்பாவுக்குப் பத்து பாட்டில் அனுப்பலாமாங்க?" என்று மனைவி கேட்டாள். மகள் அவர்களுக்கு இன்னும் பாப்பாதான்.

"ஒரு சொட்டு வெளிய போகக்கூடாது," என்றார் மெக்கானிக். "அவ சின்ன வயசு, மாத்திரை ஏத்துக்கும். மொதல்ல நீ எழுந்திரு."

"சும்மா கேட்டேன்."

"கேக்கவும் வேண்டாம்."

அவள் அதற்கப்புறம் கேட்கவில்லை. அவர் பயத்தில் சொன்ன வார்த்தைதான். ஆனாலும் வார்த்தை வார்த்தைதானே.

தினமும் சாயங்காலம் அவர் வேலைவிட்டு வந்து கையைக் கழுவியதும் மேசையில் இரண்டு எவர்சில்வர் டம்ளரை அவள் கொண்டுவந்து வைப்பாள். அவளுக்குச் சாறு, அவருக்கு இரண்டாம் தண்ணீர். எதிரெதிரே உட்கார்ந்து குடிப்பார்கள். அவள் கடைசிச் சொட்டுவரை குடித்து டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுவாள்.

முதல் மாதம் எண் அசையவில்லை. இரண்டாம் மாதம் ஆறுக்குக் கீழே போனது. "ஒழுங்கா குடிக்கறாங்களா?" என்றார் டாக்டரம்மா. "என் கண் முன்னாலதான் டாக்டரம்மா." சாறு கெட்டுவிட்டதோ என்று அவருக்குச் சந்தேகம் தட்டியது. அன்று சாயங்காலம் திடீரென்று அவள் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தார். அவள் முகம் வெளுத்தது. ஏற்கெனவே வெளுத்திருந்த முகம், அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"நல்லாத்தான் இருக்கு," என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். அவருக்குப் பழகிய ருசிதான்.

"நீங்க காய்ச்சினது கெடுமா?" என்றாள் அவள்.

மூன்றாம் மாதக் கடைசியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஒரு மத்தியானம் அவள் போய்விட்டாள். அவர் அப்போது கீழே, ரத்தம் வாங்கும் வரிசையில் நான்காவது ஆளாக நின்றிருந்தார்.

தீ கூடிவிட்டது, சத்தையெல்லாம் நான்தான் கொதிக்கவிட்டுக் கொன்றேன் என்று ஒரு மாதம் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அம்மாவின் துணிமணியை எடுத்துவைக்க மகள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இந்தத் தடவை பிள்ளை தங்கிவிட்டது. மிஷினடியில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தவள், "அப்பா, இங்க வாங்க," என்றாள்.

முப்பது பாட்டிலும் இருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு துணிப்பட்டை. சிவப்பு நூலில் 'பாப்பாவுக்கு' என்று தைத்திருந்தது. மெழுகில் அவருடைய கட்டைவிரல் பதிவு முப்பதும் அப்படியே இருந்தது.

"ஒண்ணுகூடத் தொறக்கலையேப்பா. அம்மா அப்போ என்ன குடிச்சாங்க?"

"சாறுதான். நானே குடிச்சுப் பார்த்தேனே."

சொல்லிக்கொண்டே ஒரு பாட்டிலின் மெழுகை நகத்தால் பெயர்த்தார். டம்ளரில் கொஞ்சம் ஊற்றி வாயில் விட்டார். முதலில் புளித்தது, பிறகு இனித்தது. தொண்டையில் இறங்கிய பின்னும் கனமாக நாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது. இப்படியொரு ருசி அவர் வாயில் பட்டதே இல்லை. அன்று அவள் டம்ளரில் குடித்தது இது இல்லை.

"கெட்டுப்போச்சாப்பா?"

"கெடல." டம்ளரைக் கீழே வைத்தார். "ரெண்டாந்தண்ணிம்மா. மூணு மாசமும் என் எதிர்ல உக்காந்து ரெண்டாந்தண்ணியக் குடிச்சிருக்கா. மொதல் சாறு எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு அவளுக்குத் தெரியும்."

மகள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். குடித்திருந்தால் பிழைத்திருப்பாளா என்பதை எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. பத்து பாட்டில் அனுப்பலாம் என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மிச்சம் இருபதையாவது குடித்திருப்பாள் என்பது மட்டும் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அந்த நினைப்பு இனி அவரை விடப்போவதில்லை.

டம்ளரை நிரப்பி மகளிடம் நீட்டினார்.

"எனக்கு வேண்டாம்ப்பா. இது எப்படி என் தொண்டையில இறங்கும்?"

"குடிம்மா. நான்தான் அன்னிக்கி வேண்டாம்னேன். அவ உனக்குன்னு எடுத்து வெச்சிருக்கா. இதையும் நான் தடுக்கக்கூடாது."

அவள் அழுதுகொண்டே வாய் வாயாகக் குடித்தாள். முடிக்கும்வரை அவர் பக்கத்திலேயே நின்றார். பிறகு சமையலறைக்குப் போய்ச் சக்கை டப்பாவை எடுத்தார். அடியில் ஒரு பிடிதான் மிச்சமிருந்தது. அதைக் கொதிக்கவிட்டு, மனைவியின் டம்ளரில் ஊற்றி, அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து கடைசிச் சொட்டுவரை குடித்தார்.