எத்தனை டீ?

வட்டாரக் கல்வி அலுவலர் ராஜமாணிக்கத்தின் பெயர்ப்பலகையில் பெயரைவிடப் பட்டங்கள் நீளம். எந்த வட்டாரம் என்று கேட்காதீர்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் யாரைக் கேட்டாலும் அது பக்கத்து வட்டாரம் என்றுதான் சொல்வார்கள்.

அந்தப் பலகைக்கு எதிரே, பலகை எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருப்பவள் ஷைனி. தொகுப்பூதியத்தில் கம்ப்யூட்டர் வேலை. மாசக் கடைசியோடு அவள் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்கும் கோப்பு ராஜமாணிக்கத்தின் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் மூச்சுத் திணறிக் கிடந்தது. பள்ளிகளில் யார் யார் வேலையில் இருக்கிறார்கள் என்று கணக்கெடுப்பவளுக்கு, தான் எத்தனை நாள் வேலையில் இருப்போம் என்று தெரியாது.

அரசாங்கப் படிவத்தில் மூன்று கட்டங்கள்: அனுமதித்த பணியிடம், பணியில் இருப்போர், காலி. ஷைனி நான்காவதாக ஒன்று சேர்த்திருந்தாள். தலைப்பு: டீ.

தலைமையாசிரியர்களைக் கேட்டால் படிவத்தில் உள்ளதையே திருப்பிச் சொல்வார்கள். அதனால் தினமும் பதினோரு மணிக்கு அவள் போன் போடுவது சத்துணவுக்கூடங்களுக்கு.

“சின்னப்பொண்ணு அக்கா, இன்னிக்கு எத்தினி டீ போட்ட?”

“ஒண்ணுதாம்மா. ஹாஜிரா டீச்சருக்கு. அதுவும் ஆறிக்கினு கெடக்குது. அஞ்சு கிளாசையும் ஒரே ரூம்ல வெச்சிக்கினு கத்துது, எங்க குடிக்கிறது?”

“ரெண்டு பேரு இருக்கணுமேக்கா?”

“இன்னொருத்தர உங்க ஆபீஸ்ல வெச்சிக்கினு என்னக் கேக்குற பாரு!”

உண்மைதான். ஸ்டீவன் சார் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். ஒரு வாரத்துக்கு என்று மாற்றுப்பணியில் அழைத்து வந்தவர். வாரம் முடிய இரண்டு வருடம் ஆகிவிட்டது. படிவத்தில் அவர் புதுவாயலைத் தாண்டி ஒரு பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இங்கே, கூட்டங்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்.

திருவள்ளூரிலிருந்து மாவட்ட அதிகாரி அம்மா ஆய்வுக்கு வரும் நாள். ராஜமாணிக்கம் காலையிலேயே சால்வையை மடித்துப் பார்த்து, விரித்துப் பார்த்து, பிறகு ஷைனியின் திரையைப் பார்த்தார்.

“டிரெண்ட் மேல போவணும்மா. கீழ போறதுக்குப் பேரு டிரெண்ட் இல்ல. பச்சை அம்பு போட்டியா?”

“போட்டாச்சு சார்.”

“இது இன்னா, டீ? இன்னா கேன்டீனா நடத்துறோம்? எடுத்துடு.”

“எண்ணினத எப்பிடி சார் எடுக்கிறது?”

“டெலிட் அடிச்சா போயிடும்.” பேப்பர் வெயிட்டை ஒருமுறை தூக்கி, மறுபடி அதே கோப்பின் மேல் வைத்தார். “நினைப்புல வெச்சிக்கோ.”

ஷைனி நினைப்பில் வைத்துக்கொண்டாள். பெண்ணின் ஸ்கூல் வேன், வீட்டு வாடகை, எல்லாம் அந்த நினைப்புக்குள் வரிசையாக வந்து நின்றன. டெலிட் பட்டன் மேல் விரலை வைத்தாள். ஆறிப்போன அந்த ஒரு டம்ளர் ஞாபகம் வந்தது. விரலை எடுத்துவிட்டாள்.

கூட்டத்தில் பச்சை அம்பு கூரையை முட்டுவதுபோல ஏறியது. ஐந்து வருடத்தில் நூற்றுப்பதினெட்டுப் பணியிடம் நூற்றிருபத்தாறு ஆன வரலாற்றை ராஜமாணிக்கம் ஏதோ கோட்டை பிடித்த கதைபோலச் சொன்னார். அடுத்து அட்டவணை வந்தது. பணியில் இருப்போர், நூற்றுப்பத்தொன்பது. டீ, தொண்ணூற்றேழு.

ராஜமாணிக்கம், “அடுத்தது, அடுத்தது” என்று கையை ஆட்டினார். லேப்டாப்பில் இருந்தது ஸ்டீவனின் விரல். அது அசையவில்லை.

“இது என்ன, டீ?” என்றார் மாவட்ட அதிகாரி.

ஷைனி எழுந்தாள். “ரெண்டு மாசமா தினம் எண்ணினது மேடம். ஸ்கூல்ல நெஜமா இருக்கிறவங்க. லீவு போட்டவங்களையும் இருக்கிறவங்களாத்தான் எண்ணியிருக்கேன்.”

“டீயே குடிக்காதவங்க இருப்பாங்கல்ல?” என்று ராஜமாணிக்கம் பாய்ந்தார்.

“அவங்களுக்குப் பால் சார். அதையும் சேர்த்துதான்.”

யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. “மீதி இருபத்திரண்டு பேர் எங்கே?”

ஸ்டீவன் கையைத் தூக்கினார், வகுப்பில் வருகைப் பதிவுக்குத் தூக்குவதுபோல. வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தவரும் தயங்கித் தயங்கித் தூக்கினார். அவரும் ஒரு ஆசிரியர்தான்.

அதிகாரி பேனாவை மூடினார். “திங்கட்கிழமை இருபத்திரண்டு பேரும் அவங்கவங்க ஸ்கூல்ல இருக்கணும். மூணு மாசம் தினமும் இந்த நாலாவது கட்டம் எனக்கு வரணும். இதே பொண்ணு அனுப்பட்டும்.”

ராஜமாணிக்கம் விழுந்த இடத்திலேயே எழுந்துகொள்ளத் தெரிந்தவர். “நம்ம ஆபீஸோட புது முயற்சி மேடம்” என்று சால்வையைப் போர்த்தினார். சாயங்காலம் பேப்பர் வெயிட் நகர்ந்தது. ஒரு வருடத்துக்குக் கேட்டிருந்த நீட்டிப்பில் மூன்று மாதத்துக்குக் கையெழுத்திட்டார். அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தவறிப்போய் எழுதிவிடவில்லை.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஷைனி போன் போட்டாள்.

“ரெண்டும்மா” என்றாள் சின்னப்பொண்ணு. “திரும்பி வந்த ஸ்டீவன் சாருக்கு சர்க்கரை கம்மியா வேணுமாம். ஹாஜிரா டீச்சரு இன்னிக்குச் சூடா குடிச்சிட்டு, நல்லாவே இல்லன்னு சொல்லுது. இத்தினி நாளு ஆறினதக் குடிச்சதால தெரியலியாம்.”

ஷைனி நான்காவது கட்டத்தில் 2 என்று தட்டினாள்.