கேமராவுக்கு முதுகு காட்டியவர்

என் வீட்டுக்காரர் பத்தொன்பது வருடமாகச் சினிமாவில் நடிக்கிறார். இதுவரை எந்தப் படத்திலும் அவர் முகத்தை ஒருவரும் பார்த்ததில்லை. அதை அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கூட்டத்தில் நிற்கிற எக்ஸ்ட்ரா அவர். அதே ஸ்டுடியோவில் நான் தையல் பிரிவில் இருக்கிறேன் என்பதால் அவர் தொழிலின் சூட்சுமம் எனக்கு அத்துப்படி. காலையில் சந்தையில் வெங்காயம் விற்றவரின் முகம் படத்தில் பளிச்சென்று விழுந்துவிட்டால், மத்தியானம் அவரை அரண்மனைக் காவலனாக நிறுத்த முடியாது. முகம் பதிந்த எக்ஸ்ட்ராவுக்கு அந்தப் படம் முடிகிற வரை வீட்டில் உட்காருகிற வேலைதான். அந்த விஷயத்தில் இவர் கில்லாடி. கேமரா தன் பக்கம் வருவது இவருக்குப் பிடரியிலேயே தெரிந்துவிடும். குனிந்து செருப்பைச் சரிசெய்வார், தும்முவார், இல்லாத ஆளைத் திரும்பிப் பார்ப்பார். ஒரே படத்தில் பதினொரு பேராக வந்திருக்கிறார். ஒரு கலகக் காட்சியில் கலகக்காரராகவும் ஓடி, அடுத்த ஷாட்டில் சிப்பாயாகி அதே கலகக்காரரைத் துரத்தியும் இருக்கிறார். "தங்கமான முதுகு" என்று, ஆள் அனுப்புகிற ஏஜென்ட் வாய் நிறையச் சொல்வார்.

அந்தத் தங்கமான முதுகால் மானம் போனது எங்கள் மகளுக்கு. அவளுக்குப் பத்து வயது. அப்பா சினிமா நடிகர் என்று வகுப்பில் அளந்துவிட்டிருக்கிறாள். அவள் தோழிகள் நாலு பேர் அவர் நடித்த படத்துக்குப் போய், இரண்டே முக்கால் மணி நேரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிவிட்டு வந்தார்கள். மறுநாளிலிருந்து அவளுக்குப் பெயர் 'புளுகுமூட்டை'. டீச்சரே ஒருநாள் வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டாராம்.

"ஒரே ஒரு தடவை மூஞ்சியைக் காட்டுங்கப்பா. இல்லாட்டி நான் பள்ளிக்கூடம் போக மாட்டேன்" என்று விசும்பினாள்.

இவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். இந்தப் பத்தொன்பது வருடத்தில் யாரிடமும் எதையும் கேட்காத மனிதர், மறுநாள் ஏஜென்டிடம் வாய்விட்டுக் கேட்டார்.

கிடைத்துவிட்டது. ராஜா படம், தூதன் வேஷம். ஓடிவந்து, கேமராவுக்கு நேராக நின்று, "அரசே! எதிரிகள் கோட்டைக் கதவை உடைத்துவிட்டார்கள்!" என்று சொல்ல வேண்டும். ஒரே வரி. மகளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே போய்த் தோழிகள் நாலு பேரையும் முதல் நாள் படத்துக்கு அழைத்துவிட்டாள். இவரோ குளியலறையில் சொன்னார், மாடிப்படியில் சொன்னார், தூக்கத்திலும் சொன்னார். "உங்க வீட்டுல கதவு உடைஞ்சிருச்சாமே, யாருங்க உடைச்சது?" என்று பக்கத்து வீட்டம்மா என்னிடம் விசாரித்தார்.

படப்பிடிப்பன்று நான் ஊசியும் நூலுமாக செட்டின் ஓரத்தில் நின்றேன். ராஜா சிம்மாசனத்தில் இருந்தார். இவர் ஓடிவந்தார். கேமரா டிராலியில் இவரை நோக்கி உருண்டது. இவருடைய பிடரி சிலிர்த்தது. சடாரென்று திரும்பி, பக்கத்தில் இருந்த தூணிடம் கோட்டைக் கதவு உடைந்த சேதியைச் சொன்னார்.

"யோவ், ராஜா இங்க இருக்காரு! தூணுக்கு எதுக்குய்யா சேதி சொல்றே?" என்று டைரக்டர் கத்தினார்.

இரண்டாவது டேக்கில் குனிந்து செருப்பைச் சரிசெய்தார். மூன்றாவதில் தும்மினார். "ஏங்க, நம்ம பொண்ணை நினைச்சுக்கங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். தலையாட்டினார். நாலாவது டேக்கில் கண்ணை அகல விரித்துக்கொண்டு ஓடிவந்து, மறுபடி தூணிடமே போய் நின்றார்.

"ஃபிலிம் என்ன மரத்துலயா காய்க்குது?" என்று தொப்பியை வீசியெறிந்த டைரக்டர், கொஞ்ச நேரம் யோசித்தார். "குரல் நல்லாத்தான் இருக்கு. ராஜாவைக் கொண்டுபோய் அந்தத் தூண்கிட்ட நிக்க வைங்க."

ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கித் தூணருகே போனார். ஷாட் ஒரே டேக்கில் ஓகே ஆனது.

"நான் திரும்பலைடி. உடம்பு தானா திரும்பிருச்சு" என்றார், வீடு திரும்பும் வழியில். எனக்குக் கோபம் வந்தது, அதைவிடப் பாவமாகவும் இருந்தது. மகளிடம் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். மூன்று மாதம் ஓடியும் வாயைத் திறக்கவில்லை.

படம் வந்தது. தியேட்டரில் மகளும் தோழிகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். அதில் ஒருத்தி சரியான வாயாடி. அரண்மனைக் காட்சி தொடங்கியதும் இவர் எழுந்து இருட்டில் நடந்தார். பெற்ற பெண்ணை இப்படி விட்டுவிட்டு ஓடுகிறாரே என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது.

திரையில் தூதன் ஓடிவந்து முதுகைக் காட்டி நின்றான். "இந்த முதுகுதான் உங்கப்பாவா? புளுகுமூட்டை!" என்றாள் வாயாடி.

அப்போதுதான் பார்த்தேன். இவர் ஓடிப்போகவில்லை. திரைக்கு முன்னால் இருந்த மேடையில் ஏறி, எங்களைப் பார்த்து நின்றார். பட வெளிச்சம் முழுக்க அவர் முகத்தில் விழுந்தது. மேலே முதுகு, கீழே முகம். திரையில் குரல் வர, இவர் வாய் அதற்கு இம்மி பிசகாமல் அசைந்தது. அத்தனை பேர் பார்த்தும் அவர் திரும்பவில்லை. நான் அழுதுவிட்டேன்.

"யாருய்யா அது, மறைக்காதே!" என்று கூச்சல் கிளம்பியது. டார்ச்காரர் ஓடிவந்து சட்டைக் காலரைப் பிடித்தார்.

"விடுங்க! அவருதான் எங்கப்பா!" என்று மகள் நாற்காலி மேல் ஏறிக் கத்தினாள்.

எங்கள் மூன்று பேரையும் வெளியே தள்ளினார்கள். தோழிகள் நாலு பேரும் மீதிப் படத்தை விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடிவந்தார்கள். "அங்கிள், அதை இன்னொரு தடவை சொல்லுங்க, அங்கிள்!" என்று கெஞ்சினாள் வாயாடி.

இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். நாலு ஜோடிக் கண்களும் தன்மேல் நிற்பதைப் பார்த்தார். மெதுவாக டிக்கெட் கவுன்டர் பக்கம் திரும்பினார்.

மகள் போய் அவர் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்து, திருப்பி நிறுத்தினாள்.