மினுமினுக்கும் கோடு

ஜூன் ஒன்பதாம் தேதி காலை, சாய ஆலையின் பம்ப் அறையில் இரண்டாம் எண் மோட்டார் எரிந்தது. ஒரு மாதத்துக்குள் இது இரண்டாவது தடவை.

கம்பிச்சுருள் கருகிய நாற்றம் ஆபீஸ் வரைக்கும் போயிற்று. மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"மோட்டார் அளவுக்கு மேல கரண்ட் இழுத்தா ரிலே ட்ரிப் ஆகி நிறுத்தணுமா, வேண்டாமா?" என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டார். "ரிலே உன் பொறுப்பு. சாயங்காலத்துக்குள்ள காரணம் சொல்லு. இல்லேன்னா நாளைக்கு வராதே."

எலக்ட்ரீஷியனுக்கு ரத்தம் தலைக்கேறியது. போன வாரம் ரிலே ஓயாமல் ட்ரிப் ஆனபோதே கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்திருந்தார். மூன்று ஃபேஸிலும் கரண்ட் சமமாக ஏறியிருந்தது. ஒயரில் கோளாறு என்றால் ஒரு ஃபேஸ் தனியாகக் காட்டிக்கொடுக்கும். மூன்றும் சேர்ந்து ஏறினால் பம்ப்தான் இறுகிக் கிடக்கிறது. பம்ப்பைப் பார்ப்பது ஃபிட்டரின் வேலை. ஃபிட்டர் அவருக்குச் சகலை. அக்காவை இவரும் தங்கையை அவனும் கட்டியிருந்தார்கள். பம்ப்பைப் பார்க்கச் சொன்னபோது சகலை பல்லைக் காட்டினான்.

"உங்க ரிலேக்கு நரம்புத் தளர்ச்சி சகலை. பக்கத்துல யாராச்சும் தும்மினாக்கூட விழுந்துடுது."

அதன்பிறகு ட்ரிப் ஆவது நின்றுபோயிற்று. பம்ப்பில் இறுகிப்போன பேரிங்கை மாற்றிவிட்டான் என்று இவர் நம்பினார்.

இப்போது பேனல் கதவைப் படாரென்று திறந்தார். போன தடவை எரிந்ததுமே ரிலேயின் திருகைப் பதினைந்து ஆம்பியரில் வைத்து, யாராவது திருப்பினால் தெரியட்டும் என்று, திருகின் மேலும் பெட்டியின் மேலும் ஓடும்படி மனைவியின் நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்திருந்தார். தினமும் காலையில் அந்தக் கோட்டைப் பார்ப்பார்; எண்ணைப் பார்ப்பதில்லை. கோடு இன்றைக்கும் முறியாமல் நேராக இருந்தது. குனிந்து எண்ணைப் பார்த்தார். இருபது. அதுவரைக்கும் எவ்வளவு இழுத்தாலும் ரிலே விழாது.

டார்ச்சை நெருக்கிப் பிடித்தார். மனைவியுடையது வெறும் அடர்சிவப்பு. இந்தக் கோடு மினுமினுத்தது. ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டில் சோறு போட்ட கொழுந்தியாளின் விரல்களில் இதே மினுமினுப்பு.

ஃபிட்டரின் சட்டைக் காலரைப் பிடித்து பேனல் முன்னால் இழுத்துவந்தார்.

"இது யார் வீட்டு நகப்பூச்சுடா?"

"கையை எடுங்க சகலை."

"திருகினது போதாதுன்னு என் கோட்டையே அழிச்சு, புதுசா போட்டிருக்கே! என் வேலைக்கே உலை வைக்கப் பாத்தியா?"

"ஒவ்வொரு ட்ரிப்புக்கும் என்னைத்தானே கூப்பிட்டு நாய் மாதிரி கத்துறாங்க? பேரிங் கேட்டா ஸ்டோர்ல இல்லைங்கறான். நான் என்ன, பேரிங்கை வயித்துலயா வச்சிருக்கேன்?"

"அதை என்கிட்ட சொல்லித் தொலைக்க வாயில்லையா? ஞாயித்துக்கிழமை எதிர்லதானே உக்காந்து தின்னுக்கிட்டிருந்தேன்!"

வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மேனேஜர் டார்ச்சை வாங்கிக் கோட்டைப் பார்த்தார். பிறகு, "பேனலுக்குப் பூட்டு ஏன் இல்லை?" என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டார்.

"ஆறு மாசமா கேக்குறேன் சார். அதுவும் ஸ்டோர்ல இல்லை!" அறையே அதிர்ந்தது.

மறுநாள் வெளியிலிருந்து பேரிங் வாங்கி வந்தார்கள். மாற்று மோட்டார் பதினான்கு ஆம்பியரில் ஓடியது. எலக்ட்ரீஷியனுக்கு வேலை போகவில்லை. ஃபிட்டரை ஒரு வாரம் சஸ்பெண்ட் செய்தார்கள். எப்போதும் சேர்ந்தே போகும் மாமனார் வீட்டுக்கு அடுத்த மாதம் அக்கா குடும்பம் சனிக்கிழமையும் தங்கை குடும்பம் ஞாயிற்றுக்கிழமையும் போயின. பேனலுக்குப் பூட்டு இன்னும் வரவில்லை.